அந்த இரும்பு

எங்கள் வீட்டுப் பெட்டகத்தின் அடியிலே, பழைய கூறைச் சேலை ஒன்றின் மடிப்பினுள் ஓர் இரும்புக் கருவி நெடுங்காலமாகக் கிடந்தது. அதற்கு வீட்டிலே பெயரில்லை. "அந்த இரும்பு" என்று அம்மம்மா சொல்வார். அவரைக் கேட்டு அம்மாவும், அம்மாவைக் கேட்டு நாங்களும் அவ்வாறே சொல்லி வந்தோம். அஃது எதற்கு ஆனது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு எமது சங்கத்தார், ஊரிலுள்ள பழம் பொருள்களைத் திரட்டி ஒரு சிறு கண்காட்சி நடத்துவதென்று தீர்மானித்தபோது, ஒவ்வோர் அங்கத்தவரும் ஒரு பொருள் கொண்டுவரல் வேண்டும், அதனோடு பெயர், பயன், காலம் என்ற மூன்றையும் எழுதிய அட்டை ஒன்றும் கொண்டுவரல் வேண்டும் என்று விதித்தனர். இரும்பை எடுத்து வைத்தேன்; அட்டையையும் எடுத்து வைத்தேன். அட்டையில் எழுத ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்திலே வரலாறு பயிலும் ஒருவர்க்கு இது வெட்கத்தைத் தருவதன்றோ? அந்த வெட்கத்தில் தொடங்கிய தேட்டமே இக்கட்டுரை.

முதலிற் பொருளைச் சொல்லி விடுகிறேன். நீளம் ஏழு அங்குலம் வரும். முழுவதும் ஒரே இரும்பு, மரப்பிடி இல்லை. ஒரு நுனி நீண்டு மெலிந்து கூராகச் செல்கின்றது. அக்கூரின் முனை சற்றே மழுங்கி ஒரு புறம் சாய்ந்திருக்கின்றது. நடுவிலே மோதிரம் அணிந்தாற் போல மூன்று வளையங்கள். மறு நுனி தட்டையாகி வேப்பிலை வடிவில் ஓர் அலகாக முடிகின்றது. அவ்வலகின் ஒரு விளிம்பு தீட்டித் தீட்டித் தேய்ந்து, பிறைபோல் உள்வாங்கிக் கிடக்கின்றது. கையில் எடுத்தால் பாரம் அலகின் பக்கம் சாயும். இவ்வளவே.

அம்மம்மாவைக் கேட்டேன். "மோனை, அது பிள்ளைப்பெத்த வீட்டிலை தலைமாட்டிலை வைக்கிற இரும்பு. வேறை என்னத்துக்கு?" என்றார். பிறந்த பிள்ளைக்கும் பெற்றவளுக்கும் காவலாக இரும்பு வைத்தல் நம்மவர் வழக்கம். பாக்குவெட்டி வைப்பாரும் உண்டு, கத்தி வைப்பாரும் உண்டு. ஆனால் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பதற்கென்றே ஒரு கொல்லன் மூன்று வளையம் வைத்து ஓர் இரும்பை அடித்திருப்பான் என்று என் மனம் ஒப்பவில்லை. காவல் வேலை பின்னே வந்திருக்க வேண்டும். முன்னே ஒரு தொழில் இருந்திருக்க வேண்டும்.

அத்தொழில் யாது? ஊரிலே கேட்டுப் பார்த்தேன். நகைவேலை செய்யும் பத்தர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, பொன்னிலே சித்திரம் வெட்டும் உளிக்கு இவ்வளவு மெலிந்த கழுத்து ஆகாது, சுத்தியல் ஓரடி பட்டால் வளைந்து போகும் என்று தள்ளிவிட்டார். சித்த வைத்தியம் அறிந்த பெரியவர் ஒருவர், கட்டுக் கீறும் சத்திரமாக இருக்கலாம் என்று முதலிற் சொல்லி, பிறகு அலகின் தேய்வைக் கண்டு, இத்தனை தேய்வதற்கு எத்தனை பேரைக் கீறியிருக்க வேண்டும் என்று தாமே சிரித்தார். பனையேறும் தொழிலாளர் ஒருவர் பாளை சீவும் கத்தி இதுவன்று என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. தன் கருவியை அறிந்தவன், தன்னதல்லாத கருவியையும் அறிவான்.

இந்நிலையில் எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது. அது பாதி வெளிச்சம் என்பதைப் பின்னரே கண்டேன். நான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே நூல்நிலையத்தில் உரோமர் வாழ்க்கையைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று இருந்தது. உரோமச் சிறுவர், மெழுகு பூசிய மரப்பலகையிலே ஓர் ஆணியால் எழுதிப் பழகினர். அவ்வாணியின் ஒரு நுனி கூர், மறு நுனி தட்டை. கூரால் எழுதுவர், பிழை விட்டால் தட்டை நுனியால் மெழுகைத் தேய்த்து அழித்துவிடுவர். அந்தப் படம் நினைவில் வந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கூரும் தட்டையும் எம் இரும்பிலும் உண்டல்லவா? "எழுத்தாணி, தட்டை முனை பிழை அழிப்பதற்கு" என்று அட்டையில் எழுதி மையும் உலர்ந்து விட்டது.

அன்று மாலை அயல் வளவிலிருக்கும் ஆச்சி ஒருவர் வந்தார். எண்பது வயதைக் கடந்தவர். இன்றும் பெட்டி இழைப்பவர். மேசையிலிருந்த இரும்பை எடுத்து, அட்டையை ஏறெடுத்தும் பாராமல், "இது சத்தகமெல்லோ! எங்கடை அம்மாவிட்டையும் இப்பிடி ஒண்டு இருந்தது" என்றார். பன்னவேலை அறியாத இளைஞர்க்காகச் சொல்கிறேன்: சத்தகம் என்பது ஓலை வேலைக்காரர் வைத்திருக்கும் சிறு கத்தி. அதற்கும் ஒரு புறம் அலகு, மறு புறம் கூர். அலகால் ஓலையை வார்ந்து சமனாக்குவர். கூரால் இழைப்பின் கண்ணைத் திறந்து ஓலையையோ நாரையோ செலுத்துவர். பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி என்று நம் வீடுகளில் இருந்த ஓலைப் பொருள்கள் எல்லாம் இச்சிறு கருவியின் பிள்ளைகளே. ஆச்சி சொன்னது பொருந்திற்று. என் அட்டை அங்கேயே செத்தது.

ஆக, இரண்டு வழக்குகள் என் முன் நின்றன. எழுத்தாணியா, சத்தகமா? இது வெறும் பெயர்ச் சண்டையன்று. எங்கள் வீட்டுக்கு இதிலே ஒரு காரியம் இருந்தது. எங்கள் குடும்பத்திலே முதன்முதல் பேனை பிடித்தவர் அம்மம்மாவின் தமையனார் என்பது வீட்டார் யாவரும் சொல்லும் கதை. அவர் மிஷன் பாடசாலைக்குப் போனார். அதற்கு முன் எங்கள் பகுதியில் எல்லோரும் தோட்டமும் புகையிலையும் ஓலையுமாக இருந்தவர்கள், எழுத்து எங்களிடம் வந்தது அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாகத்தான் என்று சொல்லிக் கொள்வோம். நானும் அப்படியே நம்பினேன். நம்பி நன்றியும் பாராட்டினேன். இரும்பு சத்தகமானால் கதை அப்படியே நிற்கும். எழுத்தாணியானால்?

எங்கள் ஊரிலே இளைப்பாறிய தமிழாசிரியர் ஒருவர் உளர். இரும்பையும் என் வழக்கையும் அவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் என் உரோம வாதத்தைக் கேட்டுச் சிரித்தார். "மெழுகிலே தேய்த்தால் அழியும். ஓலையிலே கீறினது தேய்த்தால் அழியுமோ பிள்ளை?" என்றார். இவ்வளவு எளிய கேள்வி என் மனத்தில் எழாதது ஏன் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. உரோமரின் மெழுகுப் பலகையைப் படத்திலே கண்டிருந்தேன். எங்கள் பாட்டன்மாரின் ஓலையை ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

எழுத்தாணி மூவகைப்படும் என்று ஆசிரியர் விளக்கினார். குண்டெழுத்தாணி என்பது தலை பருத்தது, முனையும் அத்துணைக் கூரில்லாதது; எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு உரியது. மடக்கெழுத்தாணி என்பது கத்தியும் ஆணியும் ஒரு பிடிக்குள் மடங்குவது. மூன்றாவது வாரெழுத்தாணி. ஒரு புறம் எழுதும் கூர், மறு புறம் ஓலையை வாரும் அலகு. வாருதல் என்பது ஓலையின் ஓரங்களைச் சீவி ஒரே அகலமாக்குதல். ஏட்டுக்கட்டிலே ஓர் ஏடு அகன்றும் ஓர் ஏடு ஒடுங்கியும் இருத்தல் ஆகாது. எழுதுபவன் தன் ஓலையைத் தானே வார்ந்து கொள்வான். ஆதலால் கத்தியும் ஆணியும் ஓர் இரும்பில் அமைந்தன. "அழிக்கிறதுக்கு இல்லை, ஆயத்தம் பண்ணுறதுக்கு" என்றார்.

அப்படியானால் சத்தகத்திலிருந்து வேறு பிரிப்பது எங்ஙனம்? இரண்டும் ஓலையை வார்வன; இரண்டுக்கும் கூர் உண்டு. ஆசிரியர் இரும்பைத் தம் கையிற் பிடித்துக் காட்டினார். சத்தகத்தின் கூர் துளைத்து நுழைய ஆனது. கட்டையாக இருந்தாலும் பிழையில்லை. எழுத்தாணியின் கூரோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையேல் எழுத்து எங்கே விழுகின்றது என்று எழுதுபவன் காணான். அதனாலேயே கழுத்து நீண்டு மெலிந்திருக்கின்றது. நடு வளையங்கள் விரல் வழுக்காதிருத்தற்கு. மேற்பாகத்தின் பாரம், கை அழுத்த வேண்டியதில் ஒரு பங்கைத் தானே அழுத்துதற்கு. சொல்லிவிட்டு, இதையெல்லாம் தம் வாய்ச் சொல்லாக ஏற்க வேண்டாம் என்றும், ஓலை கொண்டுவந்து எழுதிப் பார்க்குமாறும் பணித்தார்.

இனி வருவது என் தோல்விகளின் கதை. குருத்துக்கு அடுத்த சார்வோலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, நீரிலே அவித்து, மறுபடியும் உலர்த்தி, சங்கினால் தேய்த்து மழமழப்பாக்கினேன். இதற்கே பத்து நாட்கள் சென்றன. மழுங்கிய முனையை ஆசிரியரின் அனுமதியோடு கல்லிலே மெல்லத் தீட்டினேன். பின்பு ஓலையை மேசையில் வைத்துப் பேனை பிடிப்பதுபோல் பிடித்து எழுதத் தொடங்கினேன். ஓலை சுருண்டது, ஆணி வழுக்கியது, அகரம் ஒன்று பூச்சி ஊர்ந்த தடம்போல் விழுந்தது.

மேசையே வேண்டாம் என்றார் ஆசிரியர். ஓலையை இடக்கையிலே ஏந்த வேண்டும். ஆணியை வலக்கையால் பற்றி, அதன் கூரை இடக்கைப் பெருவிரல் நகத்தோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அந்நாளில் ஏடெழுதுவோர் அந்நகத்தை வளர்த்து, அதிலே பிறைபோல் ஒரு வெட்டு வெட்டி வைத்திருப்பர். ஆணி அவ்வெட்டிலே தங்கி நிற்கும். வலக்கை அதிகம் அசையாது. இடக்கையே ஓலையை மெல்ல மெல்ல இடப்புறம் தள்ளிக்கொண்டு போகும். பேனையிலே கை ஓடும். ஏட்டிலே ஓலை ஓடும். இவ்வாறு பிடித்தபின் மூன்று வளையங்களும் ஒவ்வொன்றாக என் விரல்களுக்குள் வந்து அமைந்ததை உணர்ந்தேன். அந்தக் கணத்திலே எனக்கு ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே சொல்வேன். வேறொருவருடைய செருப்பைக் காலில் இட்டுப் பார்த்து, அது தனக்கே தைத்ததுபோல் இருக்கக் கண்டவன் நிலை எனது நிலை.

ஆயினும் எழுத்து எளிதாக வரவில்லை. ஓலையின் நரம்புகள் நீளப் போக்கிலே ஓடுகின்றன. டகரத்தின் அடிக்கோட்டை நேராக இழுத்தேன்; ஆணி நரம்போடு ஓடி ஓலையைப் பிளந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டேன். ஓலையில் ஓட்டை விழுந்தது. இரண்டு ஓலை இவ்வாறு போனபின், ஏட்டுச் சுவடிகளிலே புள்ளி ஏன் இல்லை என்பதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தப் புள்ளியின் கதை சிறிதன்று. மெய்க்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஏட்டில் எழுதியோர் புள்ளியை விட்டுவிட்டனர். அதன் விளைவு யாதெனில், மெல, மெல், மேல, மேல் என்ற நான்கும் ஏட்டிலே ஒரே வடிவமாகத் தோன்றும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. நூற்பொருளை முன்னமே அறிந்தவன்தான் ஏட்டை வாசிக்கலாம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறு பிரிக்கும் இன்றைய குறிகளை 18ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர். இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் தீர்த்துவைத்த இடர், நமது எழுத்தாணியின் முனையிலே பிறந்தது. மற்றொன்று: தமிழெழுத்து வட்டமானதற்கு ஓலையே காரணம் என்று பலர் அடித்துச் சொல்வதுண்டு. என் இரண்டு கிழிந்த ஓலைகளும் அதற்குச் சாட்சி சொல்லத்தான் செய்யும். ஆனால் முழுச் சாட்சி அன்று. டகரமும் பகரமும் மகரமும் இன்றைக்கும் கோட்டோடேதானே நிற்கின்றன? வட்டெழுத்தைக் கல்லிலும் வெட்டியிருக்கின்றார்களே! ஓலை எழுத்தை வளைத்தது. ஆனால் தன் இட்டப்படி முழுவதும் வளைத்துவிடவில்லை.

எழுதி முடித்த ஓலை வெறும் ஓலைபோலவே இருந்தது. கீறல் கண்ணுக்குப் புலப்படவில்லை. விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசித் துணியால் துடைத்தபோது, மேற்பரப்பிலிருந்த கரி போய், கீறலுக்குள் இருந்த கரி மட்டும் தங்கி, எழுத்துக்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழுந்தன. அம்மம்மா அருகில் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எழுத்தாணி நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்கள் அதனைப் பன்ஹிந்த என்பர். அவர்கள் எழுதியது பனையோலையினும் அகன்று மென்மையான தாளிப்பனை ஓலையில். 1660இலே கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டு, 1679 வரை அம்மலைநாட்டிலே சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே, அவர்கள் இரும்பு ஊசியால் ஓலையில் எழுதும் முறையை வருணித்திருக்கின்றார். கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் அங்கத்தவர்கள் அங்குள்ள எழுத்தாணிகளைப் பார்த்து வரலாம். வெள்ளி வேலைப்பாடு செய்தனவும் உள. எங்கள் இரும்போ வெள்ளியைக் கண்டதில்லை. ஊர்க் கொல்லனின் கைவேலை அது.

இவ்விரும்புக்கு எப்பொழுது வேலை போயிற்று? ஒரு நாளிலே போகவில்லை. ஒல்லாந்தர் 1730களிலே கொழும்பில் அச்சுக்கூடம் அமைத்தனர். அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவர்களுடைய மானிப்பாய் அச்சகத்திலிருந்து 1842இல் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே உதயதாரகைப் பத்திரிகை தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். காணி விற்றலுக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. இவை யாவும் காகிதத்தின் பக்கம் சாய்ந்த காரியங்கள். சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இலே கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றினார். அவர் கையாண்ட ஏடுகள் தொட்டால் ஒடியும் நிலையில் இருந்தன. ஏட்டுக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதிக்கொண்டே வந்தால்தான் நூல் பிழைக்கும். எழுதும் கைகள் குறைந்த காலத்திலே அச்சு வந்திராவிட்டால், இன்று எத்தனை நூல்களின் பெயரை மட்டும் சொல்லிக் கொண்டிருப்போம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகையால் அச்சு எழுத்தாணியைக் கொன்றது என்று புலம்புவாரோடு நான் சேர மாட்டேன். எழுத்தாணி பெற்ற பிள்ளைகளை அச்சுத்தான் எடுத்து வளர்த்தது.

ஆனால் கிராமத்திலே ஒரு மூலையில் எழுத்தாணிக்கு வேலை மிஞ்சியிருந்தது. அதுதான் சாதகம் எழுதுதல். பிள்ளை பிறந்தால் சாதகத்தை ஓலையில் எழுதி வைக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நம்மூர்களில் நீடித்தது. இதை ஆசிரியர் சொல்லக் கேட்டதும் நான் அம்மம்மாவிடம், வீட்டிலே பழைய சாதக ஓலை ஏதேனும் உண்டோ என்று கேட்டேன். உண்டு என்றார். கேட்காதது என் குற்றமாம்! அம்மம்மாவின் தாயாருடைய சாதகம், மஞ்சள் துணியிற் சுற்றி, சுவாமி அறையிலே படங்களுக்குப் பின்னால் இருந்தது.

அதை வாசிக்க எனக்கு இயலவில்லை. புள்ளியில்லா எழுத்து, நடுவே சோதிடக் குறியீடுகள். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாட்கள் இருந்து வாசித்தார். பிங்கள வருடம் ஆவணி மாதம் என்றிருந்தது. அஃதாவது 1917. கிரக நிலையெல்லாம் கடந்து கடைசி ஓலைக்கு வந்தபோது ஆசிரியர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "எழுதினது" என்ற சொல்லுக்குப் பின் ஒரு பெயர். அது அம்மம்மாவின் பாட்டனார் பெயர், அதாவது சாதகத்துக்குரிய பிள்ளையின் தகப்பனார் பெயர். தன் மகளின் சாதகத்தைத் தானே கணித்துத் தானே எழுதியிருக்கின்றார். புகையிலைத் தோட்டக்காரர் என்று மட்டும் நாங்கள் அறிந்திருந்த மனிதர் அவர்.

அம்மம்மாவிடம் சொன்னேன். "அம்மப்பா எழுதுவாரோ?" என்று கேட்டார். அதை மறுபடியும் கேட்டார். அவர் நினைவு தெரியுமுன்னே பாட்டனார் இறந்துவிட்டார். மகளுக்கு, அதாவது அம்மம்மாவின் தாயாருக்கு, எழுத வாசிக்கத் தெரியாது. தன் சாதகத்தை எழுதியவர் தன் தகப்பன் என்று அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, ஒருவரிடமும் சொல்லிப் போகவில்லை. ஓலையை மஞ்சள் துணியிற் சுற்றி வைத்துப் போனார். இரும்பை வைத்துப் போனார்.

இங்கே ஒரு கசப்பான எண்ணம் எனக்கு எழுந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஏடெழுதத் தெரிந்த தகப்பன் தன் மகளின் பிறப்பை ஓலையில் எழுதினார். அந்த ஓலையை வாசிக்கும் எழுத்தை மகளுக்குக் கொடுக்கவில்லை. அவள் பேரப்பிள்ளைகளான பெண்களுக்கு அவ்வெழுத்து வேறு வழியாக, நான் முன் சொன்ன அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் வந்தது. ஆதலால் வீட்டுக் கதை முழுப் பொய்யுமன்று. எங்கள் குடும்பத்தில் எழுத்து இருந்தது; ஒரு தலைமுறையில் அது வாசற்படியில் நின்று விட்டது.

சத்தக வழக்கு என்னவாயிற்று என்று அயல் வளவு ஆச்சி விடாமற் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதும் மெய்யே. அலகின் தேய்வை மீண்டும் நோக்க வேண்டும். ஏடு வார்வதற்கு எத்தனை தீட்டுத் தேவை? ஆண்டுக்குச் சில சாதகம் எழுதுபவர் வாரும் ஓலையால் அலகு பிறைபோல் தேய்ந்து போகாது. நாள்தோறும் கூடை கூடையாக ஓலை வார்ந்தால்தான் அப்படித் தேயும். முனையின் சாய்வும் அத்தகையதே. எழுதும் ஆணியின் முனையை ஒருவன் பக்கவாட்டிலே நெம்பி வளைக்க மாட்டான். கடகம் பொத்தும்போது நாரைச் செலுத்தக் கண்ணை நெம்பினால் அப்படிச் சாயும். இதைச் சொன்னபோது அம்மம்மாவுக்கு நினைவு வந்தது. தாயார் தலைவாசலில் காலை நீட்டி இருந்துகொண்டு பெட்டி இழைத்ததும், மடியிலே ஒரு கத்தி கிடந்ததும், அதைத் தொட்டால் "அது ஐயாவின்ரை, வை" என்று அவர் அதட்டியதும். "ஐயாவின்ரை" என்றால் பழசு என்று சொல்கிறார் என்றே அம்மம்மா அன்று எண்ணினாராம்.

தகப்பன் எழுதிய ஆணியால் மகள் பெட்டி இழைத்தாள். அந்தப் பெட்டிகளை விற்ற காசிலும் ஒரு பங்கு, அம்மம்மாவின் தமையனாருக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கப் போனது என்று அம்மம்மா இப்பொழுது சொல்கின்றார். எழுத்தாணியா, சத்தகமா என்று நான் நடத்திய வழக்கிலே இரு கட்சியும் வென்றன. கருவிக்குப் பிறக்கும்போது ஒரு பயன். அது வாழும் வீட்டிலே வேறு பயன்கள்.

மூன்றாவது பயனுக்கும் சாட்சி உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்திலே அடியெடுத்து வைக்க இடமின்றிச் சனம் நின்றது. அம்மம்மா ஒரு பையிலே அரிசியும், உறுதிகளும், சாதக ஓலையும், அந்த இரும்பும் கொண்டு போனார். இரும்பு எதற்கு என்று இந்நாளில் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். பெரியம்மா அப்பொழுது நிறைமாதம். மூன்றாம் வாரம் தென்மராட்சியிலே, அகதிகள் தங்கியிருந்த ஒரு பாடசாலை வகுப்பறையில் அண்ணா பிறந்தார். தலைமாட்டிலே இரும்பு இருந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டகம் வெறிதாய்க் கிடந்தது. அதிலே மறுபடியும் முதலில் வைக்கப்பட்டது அதுவே.

அம்மம்மா பையிற் கட்டிக்கொண்டு போனதனால் அந்த ஒரு சாதக ஓலை இன்றும் இருக்கின்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. எவருடைய கையெழுத்துக்கள் அவற்றின் கடைசி ஓலைகளில் இருந்தன என்று இனி வாசிப்பதற்கு வழியில்லை. 2005இலே தொடங்கிய நூலகம் நிறுவனத்தார், எஞ்சிய நூல்களையும் சுவடிகளையும் எண்ணிமப்படுத்தி வருகின்றனர். இம்மலரைப் படிக்கும் பெரியோர் தங்கள் சுவாமி அறையிலும், வளையிலும், பரணிலும் இருக்கும் துணிப்பொட்டலங்களை ஒரு முறை அவிழ்த்துப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசிக்க முடியாவிட்டால் எங்கள் ஆசிரியர் இருக்கின்றார்; அவருக்கும் வயது எழுபத்தெட்டு.

நிற்க. கண்காட்சிக்கு நான் புதிய அட்டை எழுதினேன். பெயர்: வாரெழுத்தாணி. பயன்: ஏடு எழுதுதல், பின்னர் பன்னவேலை, பின்னர் பிள்ளைக் காவல். காலம்: 1917க்கு முன். மூன்று வரிக்குள் அடக்க மிகவும் பாடுபட்டேன். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை அண்ணாவின் மனைவிக்கு வைத்தியசாலையிலே பெண்குழந்தை பிறந்தது என்று செய்தி வந்தது. அம்மம்மா பெட்டகத்தைத் திறந்தார், அங்கே இல்லை. என் மேசைக்கு வந்தார். துணியில் சுற்றி மேசைமேல் வைத்திருந்த இரும்பை எடுத்து, நான் தீட்டி வைத்த முனையை விரலால் தடவிப் பார்த்து, "பிள்ளைக்குக் கிட்ட வைக்கிற சாமானை இப்பிடியே கூராக்கி வைச்சிருக்கிறாய்?" என்று ஏசிவிட்டு, முனைக்கு ஒரு துணிச்சுற்றுச் சுற்றி மடியிலே செருகிக்கொண்டு போனார்.

கண்காட்சியிலே எங்கள் இடத்தில் அட்டை மட்டும் இருந்தது. அருகில் நான் எழுதிப் பழகிய ஓலைகளில், கிழியாத ஒன்றை வைத்தேன்.